ரோமாபுரிப் பாட்டு யாருக்குச் சொந்தம்?

ரோமாபுரி வீழ்ந்து பல நூற்றாண்டுகள் ஆயின. அதன் மொழியைத் தாய்மொழியாகப் பேசுவார் இன்று எவரும் இலர். அங்ஙனமிருக்க, அந்நாட்டார் சிலர் காதலியை எண்ணியும், இறந்த தமையனை எண்ணியும், திராட்சை மதுவை எண்ணியும் பாடிவைத்த சிறு சிறு பாக்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாக உலகில் உலவி வருவானேன்? இக்கேள்விக்கு இரு திறத்தார் இரு விடை வைத்திருக்கின்றனர். முதல் திறத்தார் மேட்டிமையாளர். லத்தீன் பாட்டு உயர்ந்தோர்க்குரிய அணிகலன், உயர்ந்தோர் போற்றியமையால் அது நிலைத்தது, மற்றையோர்க்கு அதன் சுவை எட்டாது என்பது அவர் கொள்கை. இரண்டாம் திறத்தார் நம்மவர், சீர்திருத்தம் பேசுவோர். அடிமைகளை வைத்து வாழ்ந்த ஒரு சாம்ராஜ்யம் தன் பாட்டைப் பிரம்பின் துணைகொண்டு பள்ளிப் பிள்ளைகளின் வாயில் திணித்தது, பின்வந்த சாம்ராஜ்யங்களும் அதனையே செய்தன, ஆகவே நிலைத்தது, உழைப்பவன் வீட்டுக்கு அது வேண்டா என்பது இவர் வாதம். முன்னவர் செருக்கால் சொல்வதையே பின்னவர் வெறுப்பால் சொல்கின்றனர். அப்பாட்டு எசமானர்களின் சொத்து என்பதில் இருவருக்கும் வேற்றுமை இல்லை. அந்த ஒற்றுமையைத்தான் நாம் மறுக்கிறோம்.

இது வேலையற்ற வாதம் அன்று. எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்தின் நூலகத்துக்கென எழுதப்பட்ட புத்தகப் பட்டியலில் கட்டுல்லஸ், ஹொரேஸ் என்னும் இருவரின் பாக்கள் ஆங்கில மொழிபெயர்ப்பில் இடம் பெற்றிருந்தன. “தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ரோமானியன் காதல் எதற்கு?” என்ற ஒரே கேள்வியோடு இரண்டு பெயரும் சிவப்பு மையால் அடிக்கப்பட்டன. அடித்த பேனா முதலாளியின் பேனா அன்று. நம் தோழர் ஒருவரின் பேனா. கேள்வி கேட்டவர்க்கு விடை கூறுவது கடமையாகிறது.

சாம்ராஜ்யமே பாட்டைக் காத்தது என்பவர் முதலில் கட்டுல்லஸின் வரலாற்றைப் பார்க்கட்டும். இத்தாலியின் வடக்கே வெரோனா நகரில் ஏறத்தாழ கி.மு. 84-இல் பிறந்து, முப்பது வயதளவில் மாண்டவன் அவன். அகஸ்டஸ் அரியணை ஏறுவதற்கு முன்னரே மறைந்தவன். அதிகாரத்தைப் பற்றி அவனும் பாடியது உண்டு, பாடியது வசை. ஜூலியஸ் சீசரையும், சீசரின் தயவால் கொழுத்த மாமூராவையும் சொல்லக் கூசும் சொற்களால் ஏசினான். அவ்வசை தன் பெயருக்கு நீங்காத வடுவாகிவிட்டதென்று சீசரே உணர்ந்ததாகவும், கட்டுல்லஸ் மன்னிப்பு வேண்டியதும் அன்றைய இரவே அவனை விருந்துக்கு அழைத்ததாகவும் ஸ்வெட்டோனியஸ் எழுதுகிறார்.

இத்தகையவன் பாட்டைப் பாடசாலையில் வைத்துப் போற்றுவார் யார்? ரோமாபுரியின் வீழ்ச்சிக்குப் பின்னர் அவனுடைய ஏடு ஏறத்தாழ மறைந்தே போயிற்று. பத்தாம் நூற்றாண்டில் வெரோனாவின் மேற்றிராணியாராக இருந்த ராத்தேரியஸ் அதைப் படித்ததாகக் குறிப்பிடுகிறார். பிறகு மீண்டும் இருள். 1300-ஐ ஒட்டி அதே ஊரில் ஒரே ஒரு பழஞ்சுவடி வெளிப்பட்டது. அதுவும் பின்னர்த் தொலைந்தது. தொலைவதற்குள் எவரோ படி எடுத்து வைத்தமையால் பிழைத்தோம். அதன் வழிவந்த பதினான்காம் நூற்றாண்டுப் படிகள் மூன்று, ஆக்ஸ்போர்டிலும் பாரிஸிலும் வத்திக்கானிலும் இன்று இருக்கின்றன. வத்திக்கான் படி அந்நூலகத்தில் கிடந்தும் கவனிப்பாரற்று, 1896-இல்தான் ஹேல் என்னும் அமெரிக்கப் பேராசிரியரின் கண்ணில் பட்டது. வேறொரு தொகைநூலில் தப்பிய ஒரு பாட்டு நீங்கலாகக் கட்டுல்லஸ் முழுவதும் அந்த ஒற்றைச் சுவடியின் பிச்சையே. செல்லரித்த ஏடுகளைத் தேடி ஊர் ஊராய் அலைந்த உ. வே. சாமிநாதையரை அறிந்த நமக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சாம்ராஜ்யம் இங்கே எந்தக் கையால் காத்தது என்று கேட்கிறோம்.

இதற்கு மறுதலையாகக் காலஸ் என்பவனை எடுத்துக்கொள்ளுங்கள். காதற் செய்யுளில் நான்கு நூல் செய்தவன்; அகஸ்டஸின் நம்பிக்கைக்கு உரியவன்; எகிப்துக்கு ரோமாபுரி அனுப்பிய முதல் ஆளுநன். தன் வெற்றிகளைக் கல்லில் வெட்டுவித்தான். தன் உருவச் சிலைகளை நாடெங்கும் நாட்டினான். பின்னர் அகஸ்டஸின் சினத்துக்கு ஆளாகித் தற்கொலை செய்துகொண்டான். அவன் பாட்டில் உலகுக்கு எஞ்சியது ஒரே ஒரு அடி. 1978-இல் தெற்கு எகிப்திலுள்ள கஸ்ர் இப்ரிம் என்னும் கோட்டையை அகழ்ந்தபோது, ஒரு கிழிந்த பப்பைரஸ் தாளில் மேலும் சில அடிகள் கிடைத்தன. பதவியும் கல்வெட்டும் சிலையும் பாட்டைக் காக்குமானால் காலஸ் முழுமையாகக் கிடைத்திருக்க வேண்டும். சீசரை ஏசிய வெரோனாப் பையன் மறைந்திருக்க வேண்டும். நடந்தது வேறு.

ஹொரேஸைப் பள்ளிக்கூடம் காத்தது என்பது மட்டும் உண்மை. அவன் இறந்து ஒன்றரை நூற்றாண்டுக்குள் பிள்ளைகள் விளக்குப் புகை படிந்த ஹொரேஸ் ஏட்டை வைத்துப் படித்ததை ஜூவெனால் தன் வசைப்பாட்டில் காட்டுகிறான். ஆனால் காப்பது வேறு, காதலிக்கச் செய்வது வேறு. பள்ளியில் அடித்து நெட்டுருப் போடவைத்தமையால் ஹொரேஸ்மேல் தனக்கு வெறுப்பே வந்ததென்று ஆங்கிலக் கவி பைரன் 1818-இல் வெளிப்படையாக எழுதினான். பிரம்பு அன்பை வளர்க்கும் என்பதற்கு இதைவிட எதிர்ச்சான்று வேண்டுமா? மாறாக, கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பொம்பேயி நகரத்துச் சுவர் ஒன்றில் ப்ரொப்பர்ஷியஸின் அடியையும் ஓவிடின் அடியையும் யாரோ கீறி வைத்திருக்கின்றனர். சுவரில் கிறுக்கும்படி எந்த ஆசிரியரும் பாடம் கொடுத்திருக்கமாட்டார்.

இனிப் பாட்டினுள்ளே புகுவோம். கட்டுல்லஸின் 85-ஆம் பாட்டு இரண்டே அடி. லத்தீனில் பதினான்கு சொற்கள். அவற்றுள் எட்டு வினைச்சொற்கள். உவமை இல்லை, உருவகம் இல்லை, அடைமொழி இல்லை, ஒரு பெயர்ச்சொல்கூட இல்லை. ஒருத்தியை ஒரே காலத்தில் வெறுக்கவும் விரும்பவும் செய்கிற ஒருவன், அது எப்படியென்று கேட்பாரிடம், தெரியாது, ஆனால் நடக்கிறது என்கிறான். அவ்வளவே. வருணனையே கவிதை என்று எண்ணி நிலவையும் தாமரையையும் அடுக்குகிற நம் பத்திரிகைக் கவிஞர்கள் இந்த இரண்டு அடியை ஒரு வாரம் எதிரில் வைத்துக்கொண்டு உட்காரலாம்.

அப்பாட்டின் கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். வதைபடுகிறேன் என்று பொருள்படும் அவ்வினை, சிலுவையைக் குறிக்கும் சொல்லின் அடியாகப் பிறந்தது. ரோமாபுரியில் சிலுவை யாருக்கு உரியது? அடிமைக்கு. ஸ்பார்ட்டக்கஸ் என்னும் அடிமை வீரனின் கலகம் முறியடிக்கப்பட்ட கி.மு. 71-இல், கப்புவாவிலிருந்து ரோமாபுரி வரை சாலையோரமாக ஆறாயிரம் பேரைச் சிலுவையில் தொங்கவிட்டனர். கட்டுல்லஸ் அப்பொழுது பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை. அச்சொல் அன்றாடப் பேச்சில் தேய்ந்துபோன சொல்லாக இருக்கலாம். எனினும் செல்வக் குடியில் பிறந்தவன் தன் நோவைச் சொல்ல வேண்டிய இடத்தில், அவன் வாயில் வந்து நின்றது அடிமையின் தண்டனையிலிருந்து பிறந்த சொல். எசமானன் பாட்டு எசமானனுக்கே அடங்காத இடம் இது.

அவனுடைய 101-ஆம் பாட்டு பத்தே அடி. பண்டை டிராய் நகரிருந்த நாட்டில் அவன் சகோதரன் இறந்து புதைக்கப்பட்டான். பல நாடும் பல கடலும் கடந்து அக்குழிக்கு வந்து சேர்ந்த கட்டுல்லஸ், சாம்பல் பேசாது என்று அறிந்துகொண்டே, முன்னோர் முறைப்படி படையல் வைத்து விடைபெறுகிறான். மறுவுலகில் சந்திப்போம் என்ற ஆறுதல் அதில் இல்லை. கடவுளரிடம் முறையீடும் இல்லை. கடல் கடந்து வந்தவர் வழியில் பிறந்து, பாட்டன் எந்த மண்ணில் கிடக்கிறான் என்று உறுதியாகச் சொல்ல முடியாத நமக்கு இதற்கு உரையாசிரியர் தேவையில்லை. இந்தப் பாட்டையா சிவப்பு மையால் அடித்தீர்?

மேட்டிமையாளர் பக்கம் திரும்புவோம். இச்செல்வத்தைக் காத்தவர் தாமே என்கிறார்களே, எப்படிக் காத்தனர்? 1961-இல் ஆக்ஸ்போர்டில் அச்சான கட்டுல்லஸ் உரைநூலில், பதிப்பாசிரியர் ஃபோர்டைஸ் முப்பத்திரண்டு பாக்களை அடியோடு நீக்கிவிட்டார். ஆங்கிலத்தில் உரை எழுதத் தகாதவையாம்! எண்ணிக்கையில் 116 என்று வழங்கும் தொகுதியில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வெட்டு. சீசரின் ஆட்கள் செய்யாத வேலையைப் பேராசிரியர் செய்தார். ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் புகுவதற்கு லத்தீன் வேண்டும் என்ற கட்டாயம் 1960-இல்தான் தளர்ந்தது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். அம்மொழி அவர்களுக்கு வாயிற்காவலன். உள்ளே விடக்கூடாதவனை நிறுத்தும் தடி. தடியைக் கண்டு வெறுத்து நாம் பாட்டை விட்டோமானால், அவர்கள் கட்டிய வேலிக்கு நாமே காவல் நிற்கிறோம்.

ஹொரேஸின் பிறப்பை அந்தக் கனவான்கள் அடிக்கடி மறந்துவிடுவர். கி.மு. 65-இல் தென்னித்தாலியின் வெனூசியா என்னும் சிற்றூரில் பிறந்தவன். தந்தை அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர்; ஏலங்களில் பணம் வசூலிக்கும் தொழிலர். உள்ளூரில் படைத்தலைவர்களின் பருத்த பிள்ளைகள் போகும் பள்ளியை விட்டு, மகனை ரோமாபுரிக்கே அழைத்துச் சென்றார். பிள்ளையை ஆசிரியரிடம் கொண்டுபோய்விட்டுக் காத்திருப்பது அடிமைகள் செய்யும் வேலை. அதைத் தந்தையே செய்தார். மகன் கி.மு. 42-இல் பிலிப்பிப் போரில் புரூட்டஸின் பக்கம் நின்று தோற்றான். தந்தையின் வீடும் நிலமும் போயின. வயிற்றுப்பாட்டுக்கு அரசாங்கக் கருவூலத்தில் எழுத்தர் பதவி ஒன்றைத் தேடிக்கொண்டான். நம் வழக்கில் சொன்னால் கிராணி வேலை. உலகம் போற்றும் ஹொரேஸ் பகலில் பேரேடு எழுதியவன். இதை ஆங்கிலப் பள்ளியில் எனக்கு எவரும் சொல்லித்தரவில்லை. பிற்காலத்தில் அகஸ்டஸே தன் கடிதங்களை எழுதும் அந்தரங்கச் செயலாளனாக வருமாறு அழைத்தபோது அவன் மறுத்துவிட்டான். துரைக்கு அவ்வாறு மறுமொழி சொன்ன கிராணியை நான் கண்டதில்லை.

அவனுடைய பாட்டுக்களில் எவை நின்றன, எவை சாய்ந்தன என்று பாருங்கள். கி.மு. 17-இல் அகஸ்டஸ் நடத்திய பெருவிழாவுக்காக அரசாணைப்படி ஒரு வாழ்த்துப்பா எழுதினான். இருபத்தேழு சிறுவரும் இருபத்தேழு சிறுமியரும் நின்று பாடினர். அதை இயற்றியவன் ஹொரேஸ் என்று விழாக் கல்வெட்டிலேயே பொறித்தனர். 1890-இல் அக்கல் கண்டெடுக்கப்பட்டது. அரசு, மேடை, கல் அனைத்தும் அதற்கு வாய்த்தன. ஆராய்ச்சியாளர் நீங்கலாக அதை விரும்பிப் படிப்பார் யார்? நாட்டுக்காகச் சாவது இனிமையும் பெருமையும் என்று அவன் பாடிய வேறொரு பாட்டை ஐரோப்பியப் பள்ளிகள் பிள்ளைகளுக்கு ஊட்டி வளர்த்தன. அதன் பயன் முதல் உலகப் போரில் விளைந்தது. விஷப்புகையில் மூச்சடைத்துச் செத்த சிப்பாயைக் கண்ட வில்ஃப்ரெட் ஓவன் 1917-இல் அந்த லத்தீன் அடியைத் தன் பாட்டில் வைத்து, அது பழைய பொய் என்று உரைத்தான். 1918 நவம்பரில் அவனும் போர்க்களத்தில் மாண்டான். சாம்ராஜ்யம் எடுத்துப் பயன்படுத்திய ஹொரேஸ் இவன். நாம் வேண்டும் என்பது இவனையன்று.

நாம் வேண்டுபவன் லியுக்கொனோயி என்னும் பெண்ணுக்கு எட்டு அடியில் ஒரு புத்தி சொன்னவன். முதல் நூலின் பதினோராம் பாட்டு அது. தன் ஆயுள் எத்தனை, தன் காதலன் ஆயுள் எத்தனை என்று அறிய அவள் பாபிலோனியச் சோதிடரின் எண்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறாள். அந்தக் கணக்கை விட்டுவிடு என்று அவன் தடுக்கிறான். இதோ எதிரில் மது வடிகட்ட வேண்டியிருக்கிறது. நீண்ட ஆசையைக் கொடியை நறுக்குவதுபோல் நறுக்கு. இன்றைய நாளைப் பறித்துக்கொள் என்பது அவன் சொல்லும் மருந்து. பறி என்னும் அவ்வினை பூவையும் பழத்தையும் கொய்வதற்கு லத்தீனில் வழங்கிய சொல். ஆங்கிலத்தார் அதைப் பாய்ந்து பிடி என்பதுபோல் மொழிபெயர்த்தனர். இன்று சட்டையிலும் தேநீர்க் கோப்பையிலும் அச்சிட்டு விற்கின்றனர். பாய்ந்து பிடிப்பது வேட்டைக்காரன் வேலை. ஹொரேஸ் சொன்னது, கனிந்ததா என்று பார்த்துக் கொய்கிறவன் வேலை. சாதகக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு மகளின் திருமணத்தை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடும் வீடுகள் நம்மிடையே இல்லாமலா போயின? பகுத்தறிவு பேசுகிறவர் இந்த எட்டடியையும் ஏன் விலக்குகிறார் என்பதுதான் விளங்கவில்லை.

தன் பாட்டு எவ்வளவு காலம் நிற்கும் என்று அவனே மூன்றாம் நூலின் இறுதிப் பாட்டில் ஓர் அளவு வைத்தான். ரோமாபுரிக் குன்றின்மேல் குருவும் கன்னிப் பூசாரினியும் ஏறிச் செல்லும் வரை என்பது அந்த அளவு. அந்தப் பூசை நின்று பதினாறு நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. பாட்டு நிற்கிறது. சாம்ராஜ்யத்தின் ஆயுளைக் கொண்டு தன் ஆயுளை அளந்ததில் ஹொரேஸே தன்னைக் குறைத்து மதிப்பிட்டான்.

நமக்குச் சங்க இலக்கியம் இருக்கப் பிறன் வீட்டுக் காதல் எதற்கு என்னும் பண்டிதர்களுக்கும் ஒரு சொல். அகப்பாட்டில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் விதி. எவருடைய காதலும் அல்லாததால் அது எல்லாருடைய காதலும் ஆகிறது. அதன் வன்மை அது. ரோமாபுரிப் புலவன் நேர் எதிர்வழியில் போனவன். தன் பெயரைச் சொல்லித் தன்னையே விளிப்பான். நண்பனையும் பகைவனையும் பெயரிட்டு அழைப்பான். காதலிக்குப் புனைபெயராவது வைப்பான். ஒரு வழியை அறிந்தவன் மற்றதையும் அறிந்தால் முன்னது குறைந்துவிடுமா?

அரசாங்கத்தோடு இப்புலவர்கள் பட்ட பாடும் சிறிதன்று. மணம் புரிந்தே ஆகவேண்டும் என்ற ஒரு சட்டம் கைவிடப்பட்டபோது ப்ரொப்பர்ஷியஸ் மகிழ்ந்து பாடினான். தன் இரத்தத்தில் ஒரு சிப்பாய் பிறக்கமாட்டான் என்றான். ஓவிடை அகஸ்டஸ் கி.பி. 8-இல் கருங்கடற் கரையிலுள்ள தோமிஸுக்கு நாடு கடத்தினான்; அங்கேயே இறந்தான். அத்தண்டனையை ரோம் நகரசபை 2017 டிசம்பரில் தீர்மானம் போட்டு நீக்கியது. சர்க்கார் கோப்புகளின் நடையை அறிந்தவர்கள் இந்தத் தாமதத்தைக் கண்டு வியக்கமாட்டார்கள்.

சுல்பீசியாவை இங்கே தனியே சொல்ல வேண்டும். அக்காலத்து ரோமாபுரியில் காதலைத் தன் வாயால் பாடிய பெண்களுள் நமக்குக் கிடைத்தவள் அவள் ஒருத்தி. ஆறு பாக்கள், மொத்தம் நாற்பது அடி. திபுல்லஸ் என்னும் ஆண் புலவனின் தொகுதிக்குள் கிடந்தமையால் நெடுங்காலம் அவன் பெயரிலேயே வழங்கின. காதலை மறைப்பதுதான் தனக்கு வெட்கம் என்று தொடங்குகிறாள். பிறந்தநாளன்று தன்னைக் காதலனிடமிருந்து பிரித்து நாட்டுப்புறத்துப் பண்ணைக்கு இழுத்துச் செல்லும் உறவினன் மெசாலாவைக் கடிந்துகொள்கிறாள். என் விருப்பத்தைக் கேட்டாயா என்பதே அவள் வழக்கு. பெண் விடுதலைக்கு மாநாடு கூட்டித் தீர்மானம் போடும் நாம், இந்த நாற்பது அடிக்கு நூலகத்தில் அரை விரற்கடை இடம் இல்லை என்கிறோம்.

எஞ்சியிருப்பது நம்மவர் கூறும் மிகக் கூரிய குற்றச்சாட்டு: இவர்கள் அடிமை வைத்தவர்கள். ஆம், வைத்தார்கள். அதை நான் மழுப்பப் போவதில்லை. மீசீனஸ் என்னும் செல்வன் ஹொரேஸுக்குச் சபைன் மலைநாட்டில் ஒரு பண்ணை கொடுத்தான். அதில் ஐந்து குடித்தனக்காரர், எட்டு அடிமைகள், அவர்களை மேய்க்க ஒரு கங்காணி, அவனும் அடிமை. அந்தக் கங்காணிக்கு ஹொரேஸ் எழுதிய செய்யுட் கடிதம் ஒன்று இருக்கிறது. நகரத்துக் கடைத்தெருவுக்கு ஏங்கும் அவனைப் பார்த்து, நாட்டுப்புறம்தான் இனிது என்று உபதேசிக்கிறான். இனிதுதான், மண்வெட்டி பிடிப்பவன் வேறொருவனாயிருந்தால். அடிமையாயிருந்தவரின் மகன், தந்தையை உளமுருகிப் போற்றியவன், எட்டு அடிமைகளின் உழைப்பை உண்டான். அது தவறென்று ஓரிடத்திலும் எழுதவில்லை. தோட்டக் கணக்கு எழுதுகிற எனக்கு அந்த எட்டுப் பேரின் பெயர்ப் பதிவேடு கிடைத்தால் அவன் பாட்டில் பாதியைக் கொடுத்துவிடத் தோன்றும்.

ஆயினும் அவன் எழுதிய அங்கதப் பாட்டு ஒன்றையும் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். அடிமைகள் வாய்திறந்து பேச உரிமை பெறும் சாட்டர்னேலியா விழா நாள். டேவஸ் என்னும் அடிமை எசமானனாகிய ஹொரேஸின் எதிரில் நின்று பேசத் தொடங்குகிறான். கிராமத்தில் இருந்தால் நகரத்தைப் புகழ்கிறீர், நகரத்தில் இருந்தால் கிராமத்தைப் புகழ்கிறீர். செல்வன் விருந்துக்கு அழைத்தால் விழுந்தடித்து ஓடுகிறீர். பிறர் கயிற்றில் ஆடும் மரப்பாவை நீர். நம் இருவரில் அடிமை எவன் என்று ஒவ்வொன்றாய் எடுத்து வைக்கிறான். எசமானனிடம் விடை இல்லை. எறியக் கல் தேடுகிறான். இந்தக் கணமே ஒழியாவிட்டால் சபைன் பண்ணைக்கு ஒன்பதாவது ஆளாக அனுப்பிவிடுவேன் என்று மிரட்டுகிறான். பாட்டு அங்கே முடிகிறது. அந்த மிரட்டலை ஏட்டில் எழுதிவைத்தவனும் அவனே. அங்கே எட்டுப் பேர் இருந்தனர் என்ற கணக்கு நமக்குக் கிடைப்பது அந்த ஒரு சொல்லிலிருந்துதான்.